ஏழாம் கிணற்றுச் சட்டைகள்

முடியேந்தலில் கடை கட்டியபோது பஞ்சவர்ணம் அதற்கு ஒரே வாசல்தான் வைக்கச் சொன்னாள். துணி வர ஒரு வழி, போக ஒரு வழி வேண்டாமா என்று மேஸ்திரி இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார். வேண்டாம் என்றுவிட்டாள். பிறந்த ஊரில் அழுக்குத் துணி எடுக்க ஒவ்வொரு வீட்டிலும் கொல்லைப்புறமாகப் போய் நின்றவள் அவள். இங்கே இன்ஜினியரானாலும் லாரி டிரைவரானாலும் சாலையைப் பார்த்த அந்த ஒரு வாசலில் ஏறி, சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "அம்மா, என் துணி ஆயிருச்சா?" என்று கேட்க வேண்டும். கேட்டார்கள். முதல் தடவை அப்படி ஒருவர் கேட்டபோது, ஆகியிருந்த துணியைக்கூட ஆகவில்லை என்று சொல்லி அவரைக் கால்மணி நேரம் உட்கார வைத்தாள்.

அவளை அந்த ஊருக்கு இழுத்து வந்தது தம்பி நாகநாதன். அவளைவிடப் பதினோரு வயது இளையவன். அம்மா அப்பா போன பிறகு அவள்தான் வளர்த்தாள். புருஷன் வீட்டிலிருந்து இரண்டாம் வருடமே திரும்பி வந்தவளுக்கு அவனைத் தவிர வேறு ஆளில்லை. முடியேந்தலில் அப்போது கருவேலங்காடு, நாலு கரிமூட்டம், ஒரு டீக்கடை, அவ்வளவுதான். முதல் கிணற்றில் எண்ணெய் வந்த வாரமே நாகு போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"அக்கா, அங்க ஒருத்தன் சட்டையும் வெள்ளையா இல்ல. ஆயிரம் பேர் இருக்காங்கக்கா. மண்ணுக்குள்ள எண்ணெய் இருக்கிற வரைக்கும் மண்ணுக்கு மேல நமக்கு வேலை இருக்கு. கிளம்பு."

கிளம்பினார்கள். அவர்களைப் போலவே வேறு பலரும் கிளம்பி வந்தார்கள். நாலே வருடத்தில் சாலையின் இரண்டு பக்கமும் கடைகள் முளைத்துவிட்டன. ஹெல்மெட் விற்கிற கடை, ஒடிசாக்காரர் சாப்பாட்டுக் கடை, டயர் கடை, பல் டாக்டர், ஊருக்குப் பணமும் போட்டோவும் அனுப்பிக் கொடுக்கிற கடை, ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும் நாலு லாட்ஜ். கரிமூட்டம் இருந்த இடத்தில் சிக்கந்தர் பாயின் பரோட்டாக் கடை வந்தது. எல்லாக் கடைகளிலும் கூட்டம் அதிகம் பஞ்சவர்ணத்தின் சலவைக் கடையில்தான். முப்பத்திரண்டு பெண்கள், ஒன்பது பெரிய மெஷின்கள். நாகு எண்ணெய்க் கிணற்றிலேயே வேலைக்குச் சேர்ந்தான். அவர்கள் குடும்பத்தில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள்.

சலவை மட்டும் அவள் செய்யவில்லை. துணியைப் படித்தாள். நாலாம் கிணற்று ஆட்களுக்கு முழங்கையில் செம்பழுப்பு ஏறியிருக்கும். இரண்டாம் கிணற்றுக்காரர்களுக்குக் கணுக்காலில் உப்புப் பூத்திருக்கும். ஒரு தடவை ஒருவருடைய கைப்பட்டி நூல் நூலாகப் பிரிவதைப் பார்த்துவிட்டு, "ஐயா, உங்க கிணத்துல அமிலக் குழாய் எங்கிட்டோ ஒழுகுது, பாருங்க" என்றாள். பார்த்தார்கள். ஒழுகியது. கம்பெனியிலிருந்து ஒரு பாராட்டுத் தாள் வந்தது. அதைக் கண்ணாடி போட்டு, வாசலில் ஏறுகிறவர் கண்ணில் முதலில் படும்படி மாட்டினாள்.

அதன் பிறகுதான் அந்தச் சட்டை வந்தது.

டெல்பினா என்ற பெண் அதைக் கொண்டுவந்தாள். துணி செய்கிற கம்பெனியின் ஆய்வாளர், தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், வயது இருபத்தெட்டு இருக்கும். கிணற்றடி மைதானத்தில் எல்லாரும் பார்க்க, சாம்பல் நீல நிறத்தில், சட்டையும் கால்சட்டையும் ஒன்றாகத் தைத்த ஒரு ஓவராலைக் கொடியில் மாட்டி, ஒரு வாளிக் கச்சா எண்ணெயை அதன்மேல் ஊற்றினாள். காலையில் ஊற்றியது. சாயங்காலம் சட்டை கடையில் வாங்கியது போல இருந்தது.

பஞ்சவர்ணம் அதைத் தொட்டுப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். "எண்ணெய் எங்க போச்சு?"

"தின்னுருச்சுக்கா. இந்த நூலுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உயிர் கோடிக்கணக்குல இருக்கு. எண்ணெய்தான் அதுக்குச் சாப்பாடு. வேர்வைதான் தண்ணி. எவ்வளவு அழுக்காகுதோ அவ்வளவு நல்லா இருக்கும்."

"அப்ப வெளுக்கவே வேண்டாமா?"

டெல்பினா பதில் சொல்லத் தயங்கினாள். அந்தத் தயக்கத்துக்காகவே பிற்பாடு பஞ்சவர்ணத்துக்கு அவளைப் பிடித்துப்போனது.

ஆறு மாதத்தில் ஒன்பது மெஷின்களில் ஏழு நின்றுவிட்டன. முப்பத்திரண்டு பேரில் ஆறு பேர் மிஞ்சினார்கள். லாட்ஜ் போர்வைகளும் பரோட்டாக் கடை மேஜைத் துணிகளும் மட்டும் வந்துகொண்டிருந்தன. ஊர் மட்டும் நிற்காமல் வளர்ந்தது. ஏழாம் கிணற்றை அப்போதுதான் தோண்டினார்கள். மற்ற ஆறும் சேர்ந்து கொடுப்பதை அது ஒன்றே கொடுக்கிறது என்றார்கள்.

நாகுவுக்குக் குற்ற உணர்ச்சி. அவனும் அந்தச் சட்டையைத்தானே போட்டுக்கொண்டு போகிறான். ஒரு நாள் ஷிப்ட் முடிந்து அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தான்.

"இதுல ஒரு புள்ளி வச்சுக் குடுக்கா. ரூம்ல எல்லாம் ஒரே மாதிரி கிடக்கு. எவன் சட்டைய எவன் போடுறான்னே தெரியல."

"அதுல பார்கோடு இருக்குல்ல?"

"அத மெஷின்தான படிக்கும். நான் படிக்க வேண்டாமா?"

வெளியில் சலவைக்குறி என்பார்கள். அவர்கள் வீட்டில் அதற்குப் பேர் புள்ளி. சேராங்கொட்டையை ஊசியால் குத்தி, கசியும் சாற்றில் தொட்டுக் காலரின் உள்பக்கம் வைத்து, மேலே சுண்ணாம்பு தடவினால் கறுத்துப்போகும். துணி கிழிந்தாலும் புள்ளி போகாது. சாறு பட்டுப் பட்டுப் பஞ்சவர்ணத்தின் கட்டைவிரல் நுனி நிரந்தரமாகக் கறுத்திருந்தது. வீட்டுக்கு ஒரு புள்ளி, ஆளுக்கு ஒரு புள்ளி என்று அவளுடைய அப்பா நூற்றுக்கணக்கில் மனப்பாடமாக வைத்திருந்தார். ஒருவர் இறந்துவிட்டால் அவர் புள்ளியை வேறு யார் துணிக்கும் வைக்கமாட்டார். அது அவரோடு போய்விட வேண்டும் என்பது குடும்பத்துப் பழக்கம். நாகுவின் புள்ளி, இரண்டு பொட்டு, நடுவில் ஒரு கோடு. அவன் பிறந்தபோது அப்பா கொடுத்தது.

வைத்துக் கொடுத்தாள். மூன்றாம் நாள் வந்து காலரைத் திருப்பிக் காட்டினான். ஒன்றுமே இல்லை.

"உன் புள்ளியவும் தின்னுருச்சுக்கா."

"சேராங்கொட்டைய எதுடா தின்னும்?"

"அதுலயும் எண்ணெய்தான இருக்கு."

அவளுக்குச் சுருக்கென்றது. சுண்ணாம்பைக் கூட்டினாள். மூன்று நாளில் போனது. கொல்லிமலைக் கொட்டை வரவழைத்தாள். அதுவும் மூன்று நாள்தான். அக்காவுக்கும் தம்பிக்கும் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. மூன்று நாளுக்கு ஒரு தடவை அவன் வருவான், காலரைத் திருப்புவான், அவள் திட்டுவாள், டீ வரும், புதுப் புள்ளி வைப்பாள். கடை படுத்துக் கிடந்த அந்த நாட்களில் அவள் எதிர்பார்த்திருந்தது அந்த ஒன்றைத்தான்.

இப்படியே நாலு மாதம். பிறகு நாகுவை மூன்றாம் கிணற்றிலிருந்து ஏழாம் கிணற்றுக்கு மாற்றினார்கள். கிணற்றின் தலைக்கு அடியில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சிமெண்ட் குழி இருக்கும். அதில் இறங்கி வால்வு திருப்புகிற குழுவுக்கு அவன் தலைவன். அது பதவி உயர்வு. போன பிறகு ஆறு நாள் வரவில்லை. ஏழாம் நாள் மத்தியானம் வந்தவன் வாசலிலேயே நின்று சிரித்தான்.

"கண்ண மூடிக்க."

"அடிவாங்குவ. காட்டுடா."

காலரைத் திருப்பினான். இரண்டு பொட்டு, நடுவில் ஒரு கோடு. நேற்று வைத்தது போலக் கன்னங்கரேலென்று இருந்தது.

"ஏழு நாளாச்சுக்கா. ஜெயிச்சுட்ட."

பஞ்சவர்ணம் அந்தப் புள்ளியை விரலால் தேய்த்துப் பார்த்தாள். அசையவில்லை. கடைசியாக அவள் சேர்த்தது கொஞ்சம் கடுக்காய்த் தண்ணீர். அதுதான் வேலை செய்திருக்கிறது என்று முடிவு கட்டினாள். மெஷினை நிறுத்திய துணியை அவளுடைய கொட்டை ஜெயித்துவிட்டது. அன்றைக்கே இரண்டு கிலோ அல்வா வாங்கிக் கடைத்தெரு முழுக்கக் கொடுத்தாள். "தங்கச்சி கம்பெனியவே மண்ணக் கவ்வ வச்சிருச்சுப்பா" என்று சிக்கந்தர் பாய் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். நாகு ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு முகம் சுளித்தான்.

"நெய் வாசனையே இல்லையேக்கா."

"கடைக்காரன் ஏமாத்திட்டான் போல. சும்மா தின்னு."

"தலை வேற வலிக்குது ரெண்டு நாளா."

"வெயில்ல கிடந்தா வலிக்காம என்ன செய்யும்."

மறுநாள் ஒரு பலகை எழுதி மாட்டினாள்: அழியாத புள்ளி இங்கே வைக்கப்படும். ஆட்கள் வந்தார்கள். ஏழாம் கிணற்றிலிருந்து பன்னிரண்டு பேர், மூன்றாம் கிணற்றிலிருந்து எட்டுப் பேர். ஆளுக்கொரு புள்ளி புதிதாக யோசித்து வைத்தாள். மூன்றாம் நாளே மூன்றாம் கிணற்றுக்காரர்கள் திரும்பி வந்து, "என்னம்மா அழியாத புள்ளி, அழிஞ்சு போச்சு" என்று கேலி செய்தார்கள். காயுமுன்னே தொட்டிருப்பீர்கள் என்று அவர்களைத் திட்டிவிட்டு மறுபடி வைத்து அனுப்பினாள். ஏழாம் கிணற்றுக்காரர்கள் யாரும் திரும்பி வரவில்லை. அதுவும் அவளுக்குப் பெருமையாக இருந்தது.

அதற்கு அடுத்த நாள் பிற்பகல் மூன்று மணிக்கு நாகுவைக் கொண்டுவந்தார்கள். குழிக்குள் இறங்கியவன் ஏறி வரவில்லை. கூட வந்த டாக்டர் தாளில் மாரடைப்பு என்று எழுதியிருந்தது. வயது முப்பத்தொன்று.

அவன் சட்டையைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் பையில் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் காரியம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு அவள் அதைப் பிரித்தாள். இத்தனை வருடம் துணியைப் படித்தவள். முழங்கை, கைப்பட்டி, முழங்கால், நெஞ்சு என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். வால்வு மட்டும் திருப்புகிறவன் மேல் எண்ணெய் தெறிப்பதில்லை. தம்பி எப்படி இறந்தான் என்று சொல்ல அந்தச் சட்டையில் ஒரு கறைகூட இல்லை. காலரில் மட்டும் அந்தப் புள்ளி, பதின்மூன்றாம் நாளிலும் கறுப்பாக இருந்தது.

அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மூன்றாம் கிணற்று ஆள் ஒருவர் துக்கம் விசாரிக்க வந்தார். எழுந்து போகும்போது அவருடைய காலர் திரும்பியிருந்தது. அவள் வைத்த புள்ளி அதில் இல்லை. மூன்றாம் கிணற்றில் அழிகிறது, ஏழாம் கிணற்றில் அழியவில்லை. ஒரே கொட்டை, ஒரே சுண்ணாம்பு, ஒரே கடுக்காய்த் தண்ணீர். டெல்பினாவுக்குப் போன் செய்தாள்.

டெல்பினா வந்து நாகுவின் சட்டையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொட்டு அப்படியே இருந்தது.

"அக்கா, இது செத்துப்போன துணி."

"எப்படிச் சாகும்?"

"ஒண்ணே ஒண்ணுதான் அதைக் கொல்லும். அழுகின முட்டை மாதிரி நாறுற வாயு. சில கிணத்துல எண்ணெயோட சேர்ந்து வரும்."

"நாறினா தெரியுமே."

"கொஞ்சமா இருந்தாத்தான் நாறும். தினமும் மோந்தா மூக்கு மரத்துப்போகும். அப்புறம் எந்த வாசனையும் தெரியாது. ஒரேயடியா வந்தா ஆளு சுருண்டு விழுந்துருவாங்க."

நெய் வாசனையே இல்லையேக்கா. அல்வாவைத் தின்றுகொண்டே நாகு சொன்னது பஞ்சவர்ணத்துக்கு நினைவு வந்தது.

"மணி அடிக்கிற மெஷின் வச்சிருக்காங்கல்ல?"

"மேடை மேல, தலை உயரத்துல வச்சிருக்காங்க. அது காத்தைவிடக் கனமான வாயுக்கா. குழிக்குள்ளயே படுத்துக் கிடக்கும்." டெல்பினா குனிந்துகொண்டாள். "பழைய துணியா இருந்தா வெளுக்க உங்ககிட்ட வந்திருக்கும், அதோட நாத்தமே உங்களுக்குக் காட்டிக் குடுத்திருக்கும். நான்தான் எல்லாத்தையும் சுத்தமாக்குற துணியக் கொண்டு வந்தேன்."

"நீ கொண்டு வந்த. நான் அல்வா குடுத்தேன். அழுறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு. இன்னும் பன்னிரண்டு பேர் அதே குழியில இறங்குறான்."

கள மேலாளரைப் போய்ப் பார்த்தாள். பெயர் பொன்னம்பலவாணன். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். மீட்டரில் பூஜ்யம் காட்டுகிறது, ஒரு சலவைப் புள்ளியை வைத்து இவ்வளவு பெரிய கிணற்றை எப்படி நிறுத்துவது என்றார். அவள் திரும்பி வருவதற்குள் செய்தி கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. கடைக்காரர் சங்கத்துக்குத் தலைவர் சிக்கந்தர் பாய்தான். அவர் பரோட்டாக் கடையிலேயே கூடினார்கள்.

"ஏழு நின்னா லாட்ஜ் நாலும் நிக்கும். டயர் கடை நிக்கும். கடன் வாங்கிக் கடை போட்டவன் எல்லாம் எங்க போவான்? உன் துக்கம் எனக்குப் புரியுது தங்கச்சி. பத்து நாள் பொறு. முறைப்படி எழுதிக் குடுப்போம்."

"பத்து நாள் அவங்க மூச்சு விடாம இருப்பாங்களா பாய்?"

அவள் எழுந்து நின்றாள்.

"இந்த ஊரு எனக்கு நாற்காலி போட்டு உக்காரக் குடுத்த ஊரு. இது நிக்கணும்னு நானா நினைப்பேன்? சாவு என் தம்பி கழுத்துல வந்து நின்னுது பாய். கறுப்பா, ஏழு நாளா நின்னுது. நான் ஜெயிச்சுட்டேன்னு அல்வா குடுத்தேன். நீங்களும் வாங்கித் தின்னீங்க. இனிமே அந்தக் குழியில ஒருத்தன் செத்தா அது தெரியாமச் செத்ததா இருக்காது. நமக்குத் தெரிஞ்சே செத்ததா இருக்கும்."

சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள்.

மறுநாள் காலை ஆறு மணி ஷிப்டுக்கு முன்னால் ஏழாம் கிணற்றின் கேட்டுக்குப் போனாள். அவளுக்கு முன்பே அங்கே ஒரு மேஜையும் நாற்காலியும் கிடந்தன. பரோட்டாக் கடை மேஜை. சிக்கந்தர் பாய் அதன் பக்கத்தில் தோளில் துண்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"நின்னுக்கிட்டே எப்படிப் பாப்ப? உக்காரு" என்றார். மடியிலிருந்து கட்டிப் பெருங்காயம் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். "மூக்கு செத்துப்போகும்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சாமே. சமையக்காரன் வேற எதைக் கொண்டு வருவான்."

ஆட்கள் வந்தார்கள். முதலில் வந்தவன் செல்லத்துரை, நாகுவுக்கு அடுத்தபடி குழியில் இறங்குகிறவன். காலரைத் திருப்பச் சொன்னாள். புள்ளி கறுப்பாக இருந்தது. பெருங்காயத்தை உடைத்து அவன் மூக்கருகே நீட்டினாள்.

"கண்ண மூடிக்கிட்டுச் சொல்லு தம்பி. என்ன இது?"

அவன் இரண்டு தடவை இழுத்து முகர்ந்தான். "என்னக்கா, ஏதாச்சும் கல்லா?"

வரிசையில் பின்னால் நின்ற லாரி டிரைவர் ஒருவர் சிரித்தார். ஐந்தடி தள்ளியிருந்த அவருக்கே வாடை தூக்கியடித்தது. அடுத்தவனுக்கும் தெரியவில்லை. அதற்கடுத்தவன், "சோப்பா?" என்றான். அப்போது சிரிப்பு நின்றுபோனது. பன்னிரண்டு காலர்களிலும் புள்ளி இருந்தது. பன்னிரண்டு பேரில் ஒன்பது பேருக்குப் பெருங்காயம் தெரியவில்லை. செல்லத்துரை தன் ஹெல்மெட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். மற்றவர்களும் வைத்தார்கள்.

பொன்னம்பலவாணன் வந்தபோது மேஜைமேல் பன்னிரண்டு ஹெல்மெட்டுகள் இருந்தன. அவர் மூக்கைச் சுளித்தார். "யார் இங்க பெருங்காயம் கொண்டு வந்தது?"

"உங்களுக்குத் தெரியுது சார்" என்றாள் பஞ்சவர்ணம். "இவங்களுக்குத் தெரியல. மீட்டரக் கயித்துல கட்டிக் குழிக்குள்ள இறக்கிப் பாருங்க. பூஜ்யம்னா நானே கடையப் பூட்டிட்டுப் போயிடுறேன்."

அவர் ஹெல்மெட்டுகளை எண்ணினார். பிறகு கயிறு கொண்டுவரச் சொன்னார். மீட்டர் ஒரு முழம் இறங்குவதற்குள் அலறத் தொடங்கியது.

ஏழாம் கிணறு பத்தொன்பது நாள் நின்றது. அந்தப் பத்தொன்பது நாளும் கடைத்தெரு ஈயோட்டியது. ஒருவரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று எழுதினால் பொய்யாகும். டயர் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு லாட்ஜ்காரர் போர்வைகளை வேறு ஊருக்கு அனுப்பினார். ஆனால் ஆட்கள் யாரும் ஊரைவிட்டுப் போகவில்லை. குழியின் அடியில் விரிசல் கண்ட இணைப்பை மாற்றினார்கள். மணி அடிக்கிற மெஷினைக் குழிக்குள் வைத்தார்கள். நாகுவின் தாளில் மாரடைப்பு என்ற வார்த்தையை அடித்து வேறு எழுதினார்கள். இருபதாம் நாள் காலை கிணறு ஓடத் தொடங்கியபோது சிக்கந்தர் பாய் கடையில் முதல் பரோட்டாவைச் செல்லத்துரைக்குக் கொடுத்தார். சால்னா வாசம் வருகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். கொஞ்சம் வருகிறது என்றான்.

இன்று அந்தப் பக்கத்தில் இருபத்துமூன்று கிணறுகள் இருக்கின்றன. ஒவ்வொரு கேட்டிலும் ஒரு மேஜையும், அங்கே பஞ்சவர்ணத்திடம் வேலை பழகிய ஒரு பெண்ணும் உண்டு. வேலையை விட்டுப் போன இருபத்தாறு பேரும் திரும்பி வந்து, அதற்குமேல் முப்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். காலரில் புள்ளி வைக்காமல் எந்த ஆளும் குழியில் இறங்குவதில்லை. மெஷின் பொய் சொன்னாலும் புள்ளி சொல்லாது என்கிறார்கள். வெளி மாநிலத்துக் கிணறுகளிலிருந்துகூட வந்து கற்றுக்கொண்டு போகிறார்கள். அவர்களும் அந்த ஒரே வாசல் வழியாகத்தான் வருகிறார்கள். கடைப் பலகையில் மட்டும் ‘அழியாத’ என்ற முதல் வார்த்தையை அவள் கறுப்பு அடித்து மறைத்துவிட்டாள்.

ஒரு வியாழக்கிழமை புதிதாக வேலைக்கு வந்த கமுதிக்காரன் ஒருவன் சட்டையைக் கொண்டுவந்தான். ஊசியால் கொட்டையைக் குத்தி அவள் புள்ளி வைப்பதைப் பார்த்தான். பக்கத்தில் கிடந்த சட்டைகளின் காலர்களையும் பார்த்தான்.

"எல்லாத்துலயும் ஒரே புள்ளியா இருக்கு. என் சட்டை எதுன்னு எனக்கு எப்படிக்கா தெரியும்?"

"அதுக்குத்தான் பார்கோடு இருக்கே."

"அப்ப இது யாரோட அடையாளம்?"

பஞ்சவர்ணம் சுண்ணாம்பைத் தடவி, ஊதி, காய வைத்தாள்.

"மூணு நாள் கழிச்சு வா. காலரத் திருப்பிக் காட்டு. ஒண்ணும் இருக்கக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை வந்தான். காலரைத் திருப்பியபோது தன்மேல் ஏதோ தப்பு இருப்பது போல, "போயிருச்சுக்கா" என்றான்.

கறுத்த கட்டைவிரலால் அவள் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். சாம்பல் நீலத் துணி மட்டும் இருந்தது.

"நல்லா போயிருக்கு" என்று சொல்லிவிட்டு, புதுக் கொட்டை ஒன்றைக் குத்தி, இரண்டு பொட்டு வைத்து, நடுவில் கோடு இழுத்தாள்.